பிறந்த குட்டி எழுந்து நிற்கவில்லையா? முதல் நாளில் செய்ய வேண்டியவை

வெள்ளாட்டுக்குட்டி பிறந்த அரை மணி நேரத்தில் எழுந்து நிற்க முயல வேண்டும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் தாயின் மடியைத் தேடிப் போய்ச் சீம்பால் குடித்துவிட வேண்டும். அப்படி எழாத குட்டியைப் பார்த்ததும், "இது தேறாது" என்று ஓரமாகப் போட்டுவிடுவது பலரிடம் உள்ள பழக்கம். கால் கோளாறோடு பிறக்கும் குட்டிகளில் பல, அந்தக் கோளாறால் சாவதில்லை. மடிவரை போக முடியாமல் பட்டினியாலும் குளிராலும் சாகின்றன. கால் சரியாக ஒரு வாரம் ஆகலாம். பசி அதுவரை காத்திருக்காது.

கடையநல்லூர் வட்டாரத்தில் இதைக் கூடுதல் கவனத்தோடு பேச வேண்டியிருக்கிறது. மேற்கே கருப்பாநதி பாயும் மலையடிவாரத்தில் நெல் வயல்கள். கிழக்கே சங்கரன்கோவில் நோக்கிப் போகப்போக மானாவாரி நிலம். அந்த மானாவாரி நிலத்தின் சொத்து கன்னி ஆடு. கறுப்பு உடலும், முகத்திலும் கால்களிலும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்கே உரிய இந்த இனம் இரட்டைக் குட்டி ஈனுவதற்குப் பெயர் பெற்றது. மூன்று குட்டி போடுவதும் உண்டு. ஒரே கருப்பையில் இரண்டு மூன்று குட்டிகள் நெருக்கியடித்து வளரும்போது கால் மடங்கிய குட்டி பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 4 ஆடுகள் கிடைத்தன. நாலு ஆடு வைத்திருக்கும் வீட்டில் ஒரு குட்டி போவது, நாற்பது ஆடு வைத்திருப்பவருக்கு ஒன்று போவது போன்றதல்ல. இன்னொன்றும் இருக்கிறது. நம் பகுதியில் நல்ல விலை கிடைப்பது பக்ரீத் பண்டிகையை ஒட்டித்தான். குர்பானிக்கு ஒரு வயது நிரம்பிய, ஊனமில்லாத ஆடு வேண்டும். வெளிப்படையாக நொண்டும் ஆடு அதற்கு ஆகாது. கோயில் நேர்த்திக்கடனுக்கும் அங்கக் குறையுள்ள கிடாயை யாரும் வாங்குவதில்லை. எனவே முதல் மாதத்தில் கவனிக்காமல் விட்ட ஒரு மூட்டு வீக்கம், ஓராண்டு கழித்துச் சந்தையில் கிடாயின் விலையைக் கறி விலைக்கு இறக்கிவிடும்.

முதலில் பால், பிறகு கால்

குட்டி எழவில்லை என்றால் காலைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சூடாக இருந்து, விரலைச் சப்பினால் உடனே பால் கொடுக்கலாம். வாய் குளிர்ந்திருந்தால் முதலில் குட்டியைச் சூடேற்ற வேண்டும். ஈரத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, சாக்கில் சுற்றி, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில்களைப் பக்கத்தில் வையுங்கள். குளிர்ந்து போன குட்டிக்கு வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சூடு வந்து சப்பத் தொடங்கியதும் தாயின் காம்பில் இருந்து முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கீழே விட்டு, காம்பு அடைப்பில்லாமல் இருப்பதை உறுதி செய்துகொண்டு, குட்டியைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க விடுங்கள். நிற்க முடியாத குட்டிக்குச் சீம்பாலைக் கறந்து பால்புட்டியில் கொடுக்கலாம். தலை சற்றே உயர்ந்திருக்கட்டும். அண்ணாந்து பார்க்கும்படி தூக்க வேண்டாம். முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. இதை நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அதில் முதல் வேளை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஏனெனில் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் அப்படியே உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறத்தாழ நின்றுவிடும்.

தாயிடம் பால் இல்லையென்றால் அன்றோ முந்தின நாளோ ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால் கைகொடுக்கும். குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் சிறு பாட்டில்களில் சேமித்து வைத்து, தேவைப்படும்போது வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கிக் கொள்ளலாம். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் சீம்பால் திரிந்து, அதன் பலனும் போய்விடும்.

ஐந்து கேள்விகள்

பால் கொடுத்த பிறகு நிதானமாகக் காலைப் பாருங்கள். இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

1. பிறக்கும்போதே இப்படியா, நன்றாக நடந்த குட்டி பிறகு நொண்டியதா?
2. ஒரு கால் மட்டுமா, முன்னங்கால் இரண்டுமா, பின்னங்கால் இரண்டுமா?
3. மடங்கிய காலைக் கையால் மெதுவாக நீட்டினால் நீள்கிறதா, கட்டை போல விறைத்து நிற்கிறதா?
4. மூட்டில் வீக்கமும் சூடும் இருக்கின்றனவா? தொப்புள் ஈரமாகவோ தடித்தோ இருக்கிறதா?
5. குட்டி சுறுசுறுப்பாகப் பால் குடிக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா?

கால்நடை மருத்துவரிடம் போகும்போது இந்த விடைகளைச் சொன்னால் சிகிச்சை விரைவாகத் தொடங்கும்.

நரம்பு சுருங்கிய முன்னங்கால்

பிறந்ததிலிருந்தே முன்னங்கால்கள் கணுவில் மடங்கி, குளம்பின் முன்பகுதியாலோ கணுவின் மேற்பகுதியாலோ குட்டி ஊன்றி நடக்கும். கிராமத்தில் நரம்பு இழுத்துக்கொண்டது என்பார்கள். காலின் பின்புறம் உள்ள தசைநாண் குட்டையாக இருப்பதே காரணம். பெரிய ஒற்றைக் குட்டியிலும், இடநெருக்கடியில் வளர்ந்த இரட்டை, மூன்று குட்டிகளிலும் இதைப் பார்க்கலாம்.

கையால் நீட்டினால் கால் நீள்கிறது என்றால் கவலை வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம், காலை மெதுவாக நீட்டிப் பிடித்து விடுங்கள். வழுக்காத தரையில் நடக்க விடுங்கள். லேசான கோணல் சில நாளில் தானே சரியாகிவிடும்.

இரண்டு மூன்று நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் சிம்பு வைத்துக் கட்ட வேண்டும். சிறிய பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஓரங்களைத் தேய்த்து மழுங்க வைத்து, காலைச் சுற்றிப் பஞ்சு வைத்து, அதன்மேல் குழாய்த் துண்டை வைத்துத் துணிப்பட்டையால் கட்ட வேண்டும். முதல் கட்டை மருத்துவர் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. தினமும் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டுங்கள். கட்டுக்குக் கீழே கால் வீங்கினாலோ, குளம்புப் பகுதி சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது என்று பொருள். உடனே அவிழ்க்க வேண்டும். வளரும் குட்டிக்கு நேற்றுப் பொருத்தமாக இருந்த கட்டு நாளைக்கு இறுகும் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறாக, கணு தளர்ந்து, குளம்பின் நுனி மேலே தூக்கி, குட்டி பின்பக்கம் சாய்ந்து நடப்பதும் உண்டு. குறிப்பாக எடை குறைந்து பிறந்த குட்டிகளில் இது இருக்கும். தசை வலுப்பட்டதும் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்குச் சிம்பு தேவைப்படுவது அரிது.

மூட்டுகள் கட்டை போலப் பூட்டிக்கொண்டு, எவ்வளவு முயன்றாலும் நீளாமல் இருந்தால் அது வேறு கதை. பலம் போட்டு நீட்டினால் எலும்பு முறியும். இத்தகைய குட்டிகள் ஒரே பருவத்தில் ஊரில் பல ஆடுகளுக்குப் பிறந்தால், சினைக்காலத்தில் பூச்சிக்கடி வழியாகப் பரவிய வைரஸ் நோயும் காரணமாகலாம். ஜப்பானில் 1959ல் கண்டறியப்பட்ட அகபானே வைரஸ் இப்படிப்பட்டது. அப்போது மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஒரே ஒரு ஆட்டில் மட்டும், அதுவும் அடுத்தடுத்த ஈற்றிலும் வந்தால் கிடாயைச் சந்தேகியுங்கள். தன் மகளோடும் பேத்தியோடும் சேரும் கிடாய் மந்தையில் இருந்தால் பிறவிக் குறைகள் தலைதூக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாயை மாற்றுங்கள்.

தொப்புள் வழியாக வரும் மூட்டு வீக்கம்

பிறக்கும்போது நன்றாக இருந்து, முதல் வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் நொண்டத் தொடங்கும் குட்டிகளில் நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஈரத் தொப்புள் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டுகளில் தங்கிவிடுகிறது. முழங்காலோ பின்னங்கால் மூட்டோ வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல் போகும். குட்டி படுத்தே கிடக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் விழும் மாதங்களிலும், பிறகு ஐப்பசி கார்த்திகை மழையிலும் நம் மலையடிவாரக் கிராமங்களில் கொட்டில் தரை காய்வதே இல்லை. அந்த ஈரமும் சாணமும் சேர்ந்த தரையில் பிறக்கும் குட்டிக்கு ஆபத்து அதிகம்.

இதற்கு மஞ்சள் பற்றும் ஒத்தடமும் போதாது. மருத்துவர் சொல்லும் நாள்கள் முழுவதும் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். இரண்டு ஊசியில் நொண்டல் குறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மூட்டுக்குள் மிச்சமிருக்கும் கிருமி திரும்பக் கிளம்பும்போது மூட்டே பாழாகிவிடும். வீங்கிய மூட்டை நீங்களே கீறிச் சீழ் எடுக்கவும் கூடாது.

தடுப்பது மிக எளிது. தொப்புள் கொடி நீளமாக இருந்தால் வயிற்றிலிருந்து 2 அங்குலம் விட்டு, சுத்தமான நூலால் கட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கத்தரியால் வெட்டுங்கள். ஒரு சிறிய மூடியில் டிங்சர் அயோடின் ஊற்றி, அதில் தொப்புள் கொடி முழுவதும் மூழ்கும்படி அரை நிமிடம் பிடியுங்கள். மேலே தடவினால் போதாது; முக்க வேண்டும். கொடி காயும்வரை இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் இதைச் செய்யுங்கள். சாம்பல், மண், சாணம் ஆகியவற்றைத் தொப்புளில் வைக்கவே கூடாது. அவற்றின் மூலம் ரணஜன்னி வரலாம். நான்கு காலும் மரக்குதிரை போல விறைத்து, காது நிமிர்ந்து, வாய் திறக்க முடியாமல் போனால் அது ரணஜன்னி. வந்த பிறகு பிழைக்க வைப்பது கடினம். சினை ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

தாது உப்புக் குறைவால் ஆடும் பின்னங்கால்

குட்டி விழிப்பாக இருக்கிறது, பால் குடிக்கிறது, காய்ச்சல் இல்லை, மூட்டில் வீக்கம் இல்லை. ஆனால் பின்பகுதி ஆடுகிறது, பின்னங்கால்கள் பின்னிக்கொள்கின்றன, ஓடவிட்டால் விழுகிறது. பிறந்தபோதே இப்படி இருக்கலாம். சில வாரம் முதல் மூன்று மாதத்துக்குள்ளும் தோன்றலாம். இது தாமிரச் சத்துக் குறைவாக இருக்கலாம். மின்கம்பியின் மேலுறை உரிந்தால் மின்சாரம் கசிவது போல, நரம்பின் மேலுறை சரியாக உருவாகாததால் மூளையின் கட்டளை பின்னங்காலுக்குப் போய்ச் சேர்வதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறிக் குட்டிகளில் பரவலாக இருந்த இந்த நோய்க்குத் தாமிரக் குறைவே காரணம் என்று 1937ல் பென்னட்ஸ் என்ற கால்நடை ஆய்வாளர் நிறுவினார்.

இங்கேதான் மண்ணையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நிலத்தில் தாமிரம் இருந்தாலே ஆட்டுக்குக் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. சுண்ணாம்புத் தன்மையும் காரத்தன்மையும் மிகுந்த கரிசல் மண்ணில் செடிகள் மாலிப்டினத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்தத் தழையைத் தின்னும் ஆட்டின் இரைப்பையில் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச் சத்து மிகுந்த கிணற்று நீரும் இதே வேலையைச் செய்யும். ஆகவே ஒரே இடத்தில், ஒரே வகைத் தழையை மட்டும் மேயும் மந்தையில் குறை தோன்ற வாய்ப்பு அதிகம்.

பாதிக்கப்பட்ட நரம்பு முழுதாகத் திரும்பாது. எனவே குட்டிக்கு வந்தபின் தரும் மருந்தை விடச் சினை ஆட்டுக்குத் தரும் தாது உப்புதான் பலன் தரும். அதற்காக மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றும் வேலையில் இறங்காதீர்கள். தாமிரம் அளவு மீறினால் விஷம். குறிப்பாகச் செம்மறி ஆடு தாமிரத்தைத் தாங்காது. வெள்ளாடும் செம்மறியும் கலந்த மந்தையில் மாட்டுக்கான தாது உப்பைப் பொதுவாக வைப்பதும் ஆபத்து. ஆட்டுக்கென்று உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

இதைப் போன்ற இன்னொன்று செலினியம், வைட்டமின் ஈ குறைவு. குட்டி விறைப்பாக நடக்கும். தொடைத் தசை கெட்டியாக இருக்கும். ஓடியாடிய பிறகு திடீரென விழுந்து இறக்கவும் கூடும். செலினியம் கொடுத்தால் இந்தத் தசை நோயைத் தடுக்கலாம் என்பது 1958ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. நீண்ட வறட்சியில் வெறும் காய்ந்த தட்டையும் வைக்கோலும் தின்ற தாயின் குட்டிக்கு வைட்டமின் ஈ குறைவாகவே கிடைக்கும். செலினியம் ஊசியில் தேவையான அளவுக்கும் விஷ அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மருத்துவர் தவிர வேறு யாரும் போடக் கூடாது.

வளைந்து தடித்த முன்னங்கால் எலும்பு, கணுக்களில் முடிச்சு ஆகியவை ஒன்றிரண்டு மாதக் குட்டிகளில் தெரிந்தால் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், வைட்டமின் டி ஆகியவற்றைப் பாருங்கள். இருட்டுக் கொட்டிலில் அடைத்து வளர்க்கும் குட்டிகளைக் காலை வெயிலில் தினமும் திறந்து விடுங்கள்.

இன்னும் இரண்டு நோய்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நன்றாகப் பிறந்து, 3 முதல் 10 நாளில் வயிற்றுப்போக்கு இல்லாமலே நான்கு காலும் துணி போலத் துவண்டு போகும் குட்டிக்கு ரத்தத்தில் அமிலம் மிகுந்திருக்கலாம். உரிய நேரத்தில் மருத்துவர் சோடா உப்புக் கொடுத்தால் எழுந்துவிடும். மாதக் கணக்கு ஆன ஆடு திடீரெனப் பின்பகுதி விழுந்து படுத்துவிட்டால், மாட்டின் வயிற்றறையில் வாழும் ஒரு நூல்புழுவின் இளம்புழு கொசு வழியாக ஆட்டின் தண்டுவடத்துக்கு வந்திருக்கலாம். இலங்கையில் ஆடுகளிலும் குதிரைகளிலும் இது நன்கு அறியப்பட்ட நோய். மாட்டுத் தொழுவமும் ஆட்டுக் கொட்டிலும் ஒட்டியிருக்கும் வீடுகளில் கொசுவைக் கட்டுப்படுத்துவது இதற்கும் சேர்த்துத்தான்.

அடிபட்ட கால்

தாய் மிதிப்பது, நாய் துரத்துவது, ஈனும்போது குட்டியைப் பலமாக இழுப்பது ஆகியவற்றால் எலும்பு முறியலாம். ஒரே கால், திடீர் நொண்டல், முறிந்த இடத்தில் கால் ஆடுவது இதன் அடையாளம். குட்டிகளின் எலும்பு விரைவில் கூடும். சரியாகக் கட்டினால் மூன்று நான்கு வாரத்தில் ஊன்றும். பரண் கொட்டகை வைத்திருப்பவர்கள் சட்டங்களுக்கு இடையே குட்டியின் குளம்பு நுழையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆட்டுக்குச் சரியான இடைவெளி, 2 கிலோ குட்டிக்குப் பொறியாகிவிடும். ஈனும் அறையிலும் குட்டிகள் இருக்கும் பகுதியிலும் பரண்மேல் சாக்கும் வைக்கோலும் பரப்பி, அடிக்கடி மாற்றுங்கள்.

சினைக்காலத்தின் கடைசி 50 நாள்

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். குட்டியின் உடல் வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடைசி 50 நாளில் நடக்கிறது. குட்டிக்குத் தேவையான தாது உப்புகளும் தாயிடமிருந்து பெருமளவு இந்தக் காலத்தில்தான் போய்ச் சேருகின்றன. ஆகவே கிடாய் சேர்ந்த தேதியைச் சுவரில் கரிக்கோடாவது போட்டு எழுதி வையுங்கள். நூறாம் நாளிலிருந்து மேய்ச்சலோடு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனமும், 10 கிராம் அளவு தாது உப்புக் கலவையும் கொடுங்கள். மக்காச்சோளம் அல்லது கம்பு, தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து வீட்டிலேயே அடர்தீவனம் தயாரிக்கலாம்.

தழையில் பலவகை இருக்கட்டும். வரப்பில் அகத்தி, வேலியில் கொடுக்காப்புளி, கிணற்று மேட்டில் வேலிமசாலும் சூபாபுல்லும் என்று பத்து சென்ட் இடம் ஒதுக்கினாலே நாலைந்து ஆட்டுக்கு வறட்சி மாதத்தில் பச்சை கிடைக்கும். கருப்பாநதிப் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இது எளிது. மானாவாரி விவசாயிகள் புரட்டாசி, ஐப்பசி மழையோடு மரக்கன்றுகளை நட்டு உயிர் பிடிக்க வைத்துவிட்டால் பிறகு அவை தாமே நின்றுகொள்ளும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சப்பாத குட்டி, காய்ச்சல் உள்ள குட்டி, மூட்டு சூடாக வீங்கிய குட்டி, விறைத்த குட்டி, எலும்பு முறிந்த குட்டி ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவம் வேண்டும். மறுநாள் சந்தைக்குப் போகும் வழியில் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். சிக்கலான நோய்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எல்லாக் குட்டியையும் காப்பாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூட்டுகள் முழுதாகப் பூட்டிப் பிறந்த குட்டி, பிறவியிலேயே எழ முடியாத அளவு நரம்பு கெட்ட குட்டி ஆகியவற்றை இழுத்துப் பிடித்து வளர்ப்பது அந்த உயிருக்கு வேதனையே. மருத்துவரின் கருத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பிறவிக் குறையோடு பிழைத்த குட்டியை இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம்.

மற்றபடி, நரம்பு சுருங்கிய குட்டியும் தொப்புள் நோய் கண்ட குட்டியும் உரிய நேரத்தில் கவனித்தால் மந்தையோடு துள்ளி ஓடக்கூடியவை. ஒரு பாட்டில் டிங்சர் அயோடின், ஒரு பால்புட்டி, கொஞ்சம் பஞ்சும் துணிப்பட்டையும், ஒரு காய்ச்சல்மானி, ஒரு துண்டு பிவிசி குழாய். இவற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கொட்டிலில் தொங்கவிடுங்கள். அடுத்த ஆடு ஈனும் இரவில் அவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்காது.